மூன்று மணிக் கட்டம்

அன்று இரண்டே முக்காலுக்கு அவர் போன் செய்தபோது இருவரும் பேசியது உப்பைப் பற்றித்தான்.

"மேடம், இன்னிக்குச் சாப்பாட்டுல உப்பே இல்ல."

"போட்டேனே."

"எங்க போட்ட, பக்கத்து வீட்டுச் சட்டியிலயா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்வாங்க. நான் வேற வழி இல்லாம வயித்துல போட்டுட்டேன்."

"அவ்வளவு உசரத்துல உக்காந்துக்கிட்டு நாக்கு ருசி கேக்குதோ?"

"உசரம் போனாத்தான் ருசி அதிகமா கேக்கும். மேகமெல்லாம் கைக்கெட்டுற தூரத்துல நிக்குது. ஒரு சிட்டிகை உப்பு இருந்தா அதையே தொட்டுத் தின்னுருவேன்."

அவள் சிரித்தாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பதிவேட்டின் பக்கம் புரளாதபடி இடது கையால் அழுத்திப் பிடித்து, வலது கையால் எழுதிக்கொண்டே சிரித்தாள். மூன்று மணிக்கான கட்டத்தில் வெப்பம், ஈரப்பதம், மேகம் எல்லாம் நிரம்பின. கடைசியாகக் காற்று. 'மிதம்' என்று எழுதிப் புள்ளி வைத்தாள். மூன்று மணி ஆக இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

அவள் ஒரு சிறிய வானிலை நிலையத்தில் பதிவாளர். நகரம் முடிகிற இடத்தில் இரண்டு அறைக் கட்டடம். முன்னால் வேலி போட்ட புல்வெளி, அதில் வெப்பமானிகளை வைத்த வெள்ளைப் பெட்டி, மழை அளக்கும் உருளை. கூரையில் ஒரு கம்பம்; அதன் உச்சியில் காற்று அடித்தால் சுற்றும் மூன்று கிண்ணங்கள். கம்பத்துக்குப் போக வெளிச்சுவரில் பதினெட்டுப் படி வைத்த ஓர் இரும்பு ஏணி. சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி நின்ற அந்த ஏணி, மேசையில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாலே கூரையில் இருந்து அடிப்படிவரை தெரியும். அடிப்படிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

குறித்த நேரத்தில் வெளியே போய் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்பதுதான் விதி. சேர்ந்த புதிதில் அவள் அப்படித்தான் செய்தாள். பன்னிரண்டு ஆண்டில் அது தேய்ந்துவிட்டது. இந்த மாதத்தில் மூன்று மணிக்கு வானம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அங்கே இருந்த எல்லோரும் முன்கூட்டியே கட்டத்தை நிரப்பிவிடுவார்கள். அதற்கு ஒரு பேர்கூட வைத்திருந்தார்கள்: வானத்துக்கு முன்னாடி போறது. காலை நேரப் பதிவாளர், பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் சாரல் அடிப்பதால் 'தூறல்' என்று பெயர் வாங்கியவர், அதில் கைதேர்ந்தவர். சில நாள் மறுநாள் காலையையும் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"வானம் என்ன நம்மள ஏமாத்தவா போகுது தங்கச்சி?" என்பார். "நாப்பத்தோரு வருஷமா ஒரே பாட்டத்தான் பாடிக்கிட்டு இருக்கு."

அந்த நாற்பத்தோரு வருஷம் சுவரில் ஓர் அட்டவணையாக ஒட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் அதுவரை அடித்த அதிகபட்சக் காற்று எவ்வளவு என்று அதில் இருக்கும். இந்த மாதத்துக்கு மணிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். குடையைத் திருப்பும், கூரையைத் தொடாது.

அவள் கணவர் இரண்டு மைல் தள்ளி எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் டவர் கிரேன் ஓட்டினார். கீழே நிற்பவர்கள் அவரைப் 'பருந்து' என்றார்கள். தரையில் இருந்து கேபினுக்கு நூற்று எண்பத்தாறு படி. புல்வெளியில் நின்றால் கூரைகளுக்கு மேலே கிரேனின் நீண்ட கை மெதுவாகத் திரும்புவது அவளுக்குத் தெரியும். சாயங்காலம் இறங்கும்போது அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளைக் கூப்பிட்ட நிலையிலேயே இறங்குவார். பூட்ஸ் இரும்பில் படும் ஓசை ஒவ்வொன்றாக அவள் காதில் விழும். டங். டங். அவர் எண்ணிக்கொண்டே வருவார். எண்ணிக்கொண்டு இறங்கினால் கீழே பார்க்கத் தோன்றாதாம். நூற்று எண்பத்தாறு முடிந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"தரை."

சொன்ன கையோடு போனை வைத்துவிடுவார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசமாட்டார். எட்டு ஆண்டாக அப்படித்தான்.

உப்புப் பேச்சு முடிந்த ஏழாவது நிமிடம் மறுபடியும் போன் அடித்தது.

"மேற்கால கறுப்பா ஒண்ணு வருது. மழை மாதிரி தெரியல. அடியில மட்டும் சிவப்பா இருக்கு. இறங்கட்டுமா?"

அவள் எழுந்து வெளியே போகவில்லை. கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தாள்.

"வேணாம். நடு ஏணியில இருக்கும்போது காத்து வந்தா அதுதான் ஆபத்து. அங்கயே இருங்க. இந்த மாசத்துல அப்படியெல்லாம் ஒண்ணும் வராது."

"காத்து எப்படி?"

அவள் கண் பதிவேட்டுக்குப் போனது. தன் கையால் எழுதியதை வாசித்தாள்.

"மிதம்."

"சரிங்க மேடம்," என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

இறங்க எட்டு நிமிடம் போதும். காற்று வர ஒன்பது நிமிடம் ஆனது.

வெளிச்சம் மாறியதைப் பார்த்துத்தான் அவள் வாசலுக்கு வந்தாள். தேய்க்காத பித்தளைப் பாத்திரத்துக்குள் நிற்பதுபோல் எல்லாம் மஞ்சளாக இருந்தது. ஈரம் இல்லாமலே ஈர மண்ணின் வாசனை மூக்கில் ஏறியது. தெருக்கோடியில் எப்போதும் குரைக்கும் நாய் ஒரு வண்டிக்கடியில் ஒடுங்கி வாயை மூடிக்கொண்டிருந்தது. கூரையில் மூன்று கிண்ணங்களும், யாரோ விரலால் பிடித்து நிறுத்தியதுபோல், அசையாமல் நின்றன. மேற்கில் வானம் முழுக்கச் செம்மண் நிறத்தில் ஒரு சுவர். அது நகர்ந்தது. நகர்வது தெரியவில்லை, அதற்கு முன்னால் இருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போவதுதான் தெரிந்தது.

பிறகு அடித்தது. கதவு அவள் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு போனது. வெள்ளைப் பெட்டி கால்களோடு புரண்டது. யார் வீட்டு மாடியிலோ இருந்த தண்ணீர்த் தொட்டி தெருவில் பந்துபோல் உருண்டு வந்தது. தகரம். கிளை. மண். வாயெல்லாம் மண். மேசைமேல் போன் அடித்தது, பாதி மணி மட்டும். ஒரு 'ட்ர்' கேட்டு, நின்றது. தொலைபேசிக் கம்பம் சாய்ந்துவிட்டது என்று அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பாதி மணியில் யார் இருந்தார் என்பது அப்போதே தெரிந்தது.

தூசி மூடுவதற்கு முன் ஒரே ஒரு கணம் கிரேனின் கை தெரிந்தது. அது மேலும் கீழுமாகத் திரும்பியது. கிரேன் கை அப்படித் திரும்பாது.

பதினொரு நிமிடம்.

காற்று நின்றபோது, கருவி கடைசியாக நூற்றுப் பதினேழு என்று காட்டியிருந்தது. அதற்குமேல் எவ்வளவு அடித்தது என்று யாருக்கும் தெரியாது. கிண்ணங்களே பறந்து போய்விட்டன.

கேபின் கீழே விழவில்லை. முறிந்த கிரேனோடு சாய்ந்து, கட்டி முடியாத கட்டடத்தின் பதினான்காவது மாடிக் கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. அவரை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. படுக்கையில் கட்டிக் கயிற்றில் இறக்கி, நேராக வண்டிக்குள் வைத்தார்கள். வண்டியில் இருந்து பிணப் பரிசோதனை மேசைக்கு. மேசையில் இருந்து பெட்டிக்கு.

"எவ்வளவு உசரத்துல இருந்தாலும் சாயங்காலம் இறங்கிடுவான் என் தம்பி," என்றார் அவள் நாத்தனார். துக்கத்துக்கு வந்தவர் அவளைத் தனியாக விட மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். "ஒரு தடவை அவன் கால் தரையில பட்டிருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும். பாவிப் பய அந்தரத்துலயே போய்ட்டானே."

அந்த வீட்டில் அதற்குப் பிறகு சமையலில் உப்பு கூடிக்கொண்டே போனது. நாத்தனார் முதலில் முகம் சுளித்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

பதினாறாம் நாள் கிரேனுக்குக் கீழே சைகை காட்டுகிறவர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே வாசலில் நின்றார்.

"உள்ள வாங்கண்ணே."

"இல்லம்மா, இருக்கட்டும். ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா நெஞ்சுல கல்லு மாதிரி நிக்குது." அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் இறங்கு இறங்குன்னு ரெண்டு கையாலயும் காட்டினேன். பருந்து மேல இருந்து எட்டிப் பாத்துச்சு. பாத்துட்டு, கையைக் காதுல வச்சுக் காட்டுச்சு. இப்படி. வீட்டுல பேசிட்டேன், ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க வேணும்னா செஞ்சீங்க? வானத்த யாரு கண்டா?" என்றார். போகும்போது திரும்பிக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு அவளுக்கு அறைந்ததுபோல் இருந்தது.

விசாரணை நாலரை மாதம் இழுத்தது. கடைசி நாள் ஒரு பெரிய அறையில், மெதுவாகச் சுற்றும் மின்விசிறிக்குக் கீழே, பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"மூணு மணிக் கட்டத்துல காற்று மிதம்னு இருக்கு. நீங்க வெளிய போய்ப் பாத்தப்போ அப்படித்தான் இருந்துச்சா?"

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். மேசையில் பேனா இருந்தது. அதிகாரி அவசரப்படாமல் காத்திருந்தார்.

"ஆமா," என்றாள்.

எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று எழுதி முடித்தார்கள்.

மறுநாள், காற்றே இல்லாத ஒரு மதியம். புதிதாக நட்ட கிண்ணங்கள் அசையவில்லை. தூறல் வேலையை ஒப்படைத்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு, வெளிச்சுவர் ஏணியின் உச்சியில் ஓர் ஓசை.

டங்.

"யாருண்ணே மேல?"

"யாரு இருக்கா? வெயிலுக்கு இரும்பு விரியுது தங்கச்சி. என் முழங்காலும் இப்படித்தான், உக்காந்து எந்திரிச்சா சத்தம் போடும்."

அன்று வெயிலே இல்லை.

மறுநாளும் ஒன்று. அதற்கு மறுநாளும். அவள் வேலைக்கு வரும் நாளெல்லாம், இரண்டு ஐம்பத்திரண்டுக்கு, ஒரே ஒரு முறை. முதலில் கூரை மட்டத்தில் கேட்பதாகத்தான் நினைத்தாள். சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது, அது கூரைக்கும் வெகு மேலே. நாளாக நாளாகத் தூரம் குறைந்துகொண்டு வந்தது. வெகு உயரத்தில் இருந்து வருகிற ஓசை, நாளுக்கு ஒரு படியாக. அந்த ஏணிக்குப் பதினெட்டுப் படிதான். அதற்கு மேலே வெறும் ஆகாயம்.

நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் முதல் ஓசையில் இருந்தே அவள் கோடு போட்டுவந்தாள். ஏன் போடுகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. நூறைத் தொட்டபோது தெரிந்தது. மீதி எண்பத்தாறு.

அந்த ஓர் ஆண்டில் அதுபோன்ற காற்று இன்னும் மூன்று முறை வந்தது. ஒருமுறை பள்ளிக்கூடத்துக் கூரையைக் கொண்டுபோனது. ஒருமுறை, மழையே வராத மாதத்தில், கோழி முட்டை பருமனுக்கு ஆலங்கட்டி விழுந்தது. தலைமை அலுவலகத்தில் இருந்து புதிய அட்டவணை வந்தது. தூறல் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, முக்காலிமேல் ஏறி அதை ஒட்டினார். அந்த மாதத்துக்கு நேராக இப்போது நூற்றுப் பதினேழு என்று இருந்தது.

"முன்னெல்லாம் வானம் செருப்பை வாசல்ல விட்டுட்டு வர்ற விருந்தாளி மாதிரி," என்றார், முக்காலியில் இருந்து இறங்காமல். "வர்ற சத்தம் கேக்கும், நம்மளும் துணிமணியச் சரிபண்ணிக்கலாம். இப்ப கதவ ஒடச்சுக்கிட்டுல்ல வருது." பசைக் கையைத் துடைத்துக்கொண்டார். எப்போதும்போல் சிரிக்கவில்லை. "நான் இப்ப முன்கூட்டி எழுதுறதில்ல தங்கச்சி. வெளிய போய்ப் பாத்துட்டுத்தான். நீயும்..."

அவர் முடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டார் போலும்.

அவளும் இப்போது வெளியே போய்த்தான் பார்க்கிறாள். மூன்று மணி அடிக்கும்வரை கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். வேலியைப் பிடித்துக்கொண்டு, கூரைகளுக்கு மேலே இப்போது ஒன்றுமே திரும்பாத அந்த இடத்தையும் பார்ப்பாள். நாற்பத்தோரு வருஷம் பொய் சொல்லவில்லை. அந்த எண்களை எழுதியவர்கள் எல்லோரும் வெயிலில் நின்று கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள், ஆரம்பத்திலாவது. எந்த வருஷத்தில் இருந்து பார்க்காமல் எழுதினார்கள்? எந்த வருஷத்தில் இருந்து வானம் மாறிக்கொண்டிருந்தது, யாரும் தலையைத் தூக்காமல்? அவளுக்கு முன்னால் எத்தனை 'மிதம்'?

நூற்று எண்பத்தைந்தாவது கோடு போட்ட அன்று இரவு அவள் நாத்தனாரிடம் கேட்டாள்.

"அண்ணி, அவருக்கு நம்ம மேல கோவம் இருக்குமா?"

"அவனுக்கா? அவனுக்குக் கோவம் வந்தா அரை நாழி நிக்காதே. சின்ன வயசுல நான் அடிச்சுட்டு, இல்லவே இல்லன்னு சாதிப்பேன். 'அடிச்சேன்னு ஒரு தடவை சொல்லிடுக்கா, நான் போய்டுறேன்'பான். அதைச் சொல்ற வரைக்கும் வாசப்படிய விட்டு நகரமாட்டான்." நாத்தனார் விளக்கை அணைத்தார். "சொன்னாத் துள்ளிக்கிட்டுப் போய்டுவான்."

மறுநாள் மதியம் தூறல் கிளம்பும்போது வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "மண் வாசனை அடிக்குது. நான் வேணா இருக்கட்டுமா?"

"நீங்க போங்கண்ணே. வழியில மாட்டிக்கப் போறீங்க."

அவர் போனார். அவள் தலைமை அலுவலகத்துக்குக் கைப்பேசியில் தகவல் சொன்னாள்: மேற்கில் செம்மண் நிறச் சுவர், கிண்ணங்கள் நின்றுவிட்டன, உயரத்தில் இருப்பவர்களை இறக்கச் சொல்லுங்கள். சொல்லி முடித்து மேசையில் உட்கார்ந்தாள். பழைய தொலைபேசி அதே இடத்தில் இருந்தது. சாய்ந்த கம்பத்தை யாரும் நிமிர்த்தவில்லை. கம்பியின் அறுந்த நுனி சுவருக்கு வெளியே சுருண்டு தொங்கியது. அந்தக் கருவியை எடுத்துப்போட அவளுக்குத்தான் மனம் வரவில்லை.

பித்தளை வெளிச்சம் அறைக்குள் வந்து மேசைமேல் படிந்தது. சுவர்க் கடிகாரத்தின் ஓசை ஒவ்வொன்றும் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. புதிய அட்டவணையின் ஒட்டாத மூலை, காற்றே இல்லாமல், மெல்ல எழுந்து மெல்லப் படிந்தது. எங்கிருந்தோ கிரேன் இரும்புக்குப் போடும் மசகின் வாசனை, அவர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் வாளித் தண்ணீரில் மிதக்குமே அந்த வாசனை, கதவிடுக்கு வழியாக நூலாக நுழைந்து அறையை நிரப்பியது.

இரண்டு ஐம்பத்திரண்டு.

தொலைபேசி அடித்தது. பாதி மணி.

நின்றது.

மீதிப் பாதி அடித்தது.

அவள் எடுத்தாள். உள்ளே காற்று. வெளியே இன்னும் இலைகூட அசையவில்லை. காற்று ரிசீவருக்குள் அடித்தது. அதற்கு நடுவே மூச்சு.

"மேடம்."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இறங்கட்டுமா?"

"இறங்குங்க." ஓர் ஆண்டாக நெஞ்சில் வைத்திருந்த வார்த்தை, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "இறங்குங்க. உடனே இறங்குங்க. என்னைக் கேக்காதீங்க, இறங்குங்க."

டங்.

மறுபடியும் முதல் படியில் இருந்து, மிக உயரத்தில். அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிற்காமல். ரிசீவரிலும் கேட்டது, கூரைக்கு மேலும் கேட்டது. அவர் எண்ணினார். அவளும் கூடவே எண்ணினாள், உதடு மட்டும் அசைய. நூறு. நூற்று இருபது. வெளியே காற்று வந்து மோதியது. கதவுக் கண்ணாடி அதிர்ந்தது. நூற்று அறுபது. நூற்று அறுபத்தெட்டு.

கூரை விளிம்புக்குக் கீழே இரண்டு பூட்ஸ் தெரிந்தன.

அடிப்பாகம் முதலில். இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. போன வருஷமே மாற்றச் சொன்னாள். மேலே கால்சட்டையின் மடிப்பு. மடிப்பில் சிமெண்டுத் தூள். காற்று எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு போனது. அந்தத் தூளை மட்டும் ஊதவில்லை.

முழங்காலுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. தூசி. அவள் அங்கே பார்க்கவும் இல்லை.

நூற்று எண்பத்து மூன்று. நான்கு. ஐந்து.

நூற்று எண்பத்தாறு.

அடிப்படி. இடது கால் படியை விட்டுக் கீழே இறங்கியது. தேடியது. ஒரு சாண் கீழே மண். புல். கால் அந்தரத்தில் துழாவியது, இருட்டில் செருப்பைத் தேடுகிற கால்போல. கிடைக்கவில்லை.

"தரை எங்க?"

"அங்கதாங்க. ஒரு சாண்தான். கால விடுங்க."

"காத்து எப்படி?"

"மிதம்," என்றாள். வாய்ப் பழக்கம். பன்னிரண்டு வருஷப் பழக்கம். விசாரணை அறையில் சொன்ன அதே குரல்.

கால் சட்டென்று மேலே ஏறிக்கொண்டது. படியில் நின்றது. நடுங்கியது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி சொன்னது நினைவு வந்தது. சொல்ற வரைக்கும் வாசப்படிய விட்டு நகரமாட்டான்.

"பாக்கலைங்க," என்றாள். "நான் வெளிய போகவே இல்ல. நீங்க உப்பைப் பத்திப் பேசுனீங்களே, அப்பவே எழுதிட்டேன். எழுதுனதப் பாத்துத்தான் உங்களுக்குச் சொன்னேன். வானத்தப் பாக்கல. அவங்க கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

காற்று அடித்தது. ரிசீவரில் மூச்சு.

கால் மறுபடியும் இறங்கியது. முன்னைவிடக் கீழே. பூட்ஸின் நுனிக்குக் கீழே புல் தலை சாய்ந்தது. இன்னும் ஒரு விரற்கடை.

அங்கேயே நின்றது. காத்திருந்தது.

"எழுதினது?" என்றது குரல்.

அவள் எழுந்தாள். அலமாரியில் போன வருஷப் பதிவேடு இருந்தது. எடுத்தாள். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே அங்கே பிரிந்துகொள்ளும். பேனாவைத் திறந்தாள். கட்டத்தின் இடது ஓரத்தில் நுனியை வைத்தாள். ஒரே ஒரு கோடு. குறுக்கே. மேலே சரியானது. பக்கத்தில் கையெழுத்து. அரை நிமிடம் ஆகாது.

கண்ணாடிக்கு வெளியே அந்தக் கால். நுனி கீழ்நோக்கி. எட்டி எட்டி.

ரிசீவர் மேசைமேல் கிடந்தது. அதில் அவர் மூச்சு கேட்டது. ஓர் ஆண்டுக்குப் பிறகு, அவ்வளவு பக்கத்தில். மூக்கடைப்பு உள்ள மூச்சு. படுக்கையில் பக்கத்தில் கேட்கிற மூச்சு.

கால் பட்டதும் 'தரை' என்பார்.

சொன்ன கையோடு வைத்துவிடுவார்.

பேனா நுனியில் மை ஊறியது. ஒரு புள்ளி, கடுகளவு. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினொரு நிமிடம் முடிந்தது. வெளியே காற்று அடங்கியது, கிண்ணங்கள் நின்றன. ரிசீவருக்குள் அடங்கவில்லை.

"மேடம்," என்றது குரல், பொறுமையாக. "தரை எங்க?"

அவள் பேனாவை மூடினாள்.

அந்தப் பதிவேடு இன்றும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. மூன்று மணிக் கட்டத்தில், ஓரத்தில் ஒரு கடுகளவு மைப்புள்ளி தவிர, எந்தத் திருத்தமும் இல்லை. காற்று: மிதம்.